720720: காரணிகளைக் கையாலேயே எண்ணலாம்

கேள்வி: படிவம் 1 படிக்கும் என் மகளுக்கு, 720720 என்ற எண்ணுக்கு மொத்தம் எத்தனை காரணிகள் என்று கண்டுபிடிக்க வீட்டுப்பாடம். ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்த்தால் நோட்டே தீர்ந்துவிடும் போலிருக்கிறது. சுருக்கு வழி உண்டா, ஐயா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உண்டு, அம்மா. எண்ணை உற்றுப் பாருங்கள், 720 இரண்டு முறை வருகிறது. ஆக, அது 720 × 1001. இதில் 1001 என்பது 7 × 11 × 13. 720ஐப் பிரித்தால் 2 நான்கு முறை, 3 இரண்டு முறை, 5 ஒரு முறை. பகாக் காரணிகள் கைக்கு வந்துவிட்டன.

இனி ஒவ்வொன்றின் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. ஏன் 1 கூட்ட வேண்டும்? ஒரு காரணியில் 2 என்பது நான்கு முறை வரலாம், மூன்று, இரண்டு, ஒரு முறையும் வரலாம், வராமலும் போகலாம். மொத்தம் ஐந்து வாய்ப்பு. பிள்ளைகள் அந்தக் கடைசி வாய்ப்பைத்தான் மறப்பார்கள், விடை 8 என்று வந்து நிற்கும். 9ஐ உடைக்காமல் பகா எண் போல விட்டுவிட்டாலோ 160 வரும்.

இந்த எண்ணின் அழகையும் மகளுக்குக் காட்டுங்கள். 1 முதல் 16 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் இதுதான். 17ஆல் வகுத்தால் மீதி 5. அதனாலேயே, ஒன்று குறைந்த 720719ஐ 2 முதல் 16 வரை எதுவும் வகுக்காது. உடனே அதைப் பகா எண் என்று எழுதிவிட வேண்டாம். 17, 19, 23, 29 எனப் பொறுமையாக வகுத்துக்கொண்டே போனால் அடுத்த 31இல் பிடிபடும்: 31 × 23249.