மாமியார் என்னைத் திருடி என்கிறார், குளிக்கக் கூப்பிட்டால் அடிக்கிறார்

கேள்வி: பர்மாவில் யாங்கூனில் (ரங்கூன்) இருக்கிறோம். மாமியாருக்கு 82 வயது, டிமென்ஷியா (மறதி நோய்) என்று இரண்டு வருடம் முன்பு சொன்னார்கள். பணத்தை நான் எடுத்துவிட்டதாகத் தெருவெல்லாம் சொல்கிறார். சாயங்காலமானால் பையைத் தூக்கிக்கொண்டு "கப்பலுக்கு நேரமாச்சு" என்று வாசலுக்கு ஓடுகிறார். குளிக்கக் கூப்பிட்டால் அடி. இந்தப் பத்து நாளாக ரொம்ப மோசம். தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: சகோதரி, நீங்கள் கடைசியாகச் சொன்ன பத்து நாள் விஷயத்தைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். டிமென்ஷியா மெதுவாகத்தான் கூடும், திடீரென்று மோசமானால் பெரும்பாலும் உடம்பில் வேறு ஏதோ இருக்கிறது. சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு, சொல்லத் தெரியாத பல்வலி, எதுவாகவும் இருக்கலாம். சளிக்கென்று கடையில் வாங்கிய மாத்திரைப் பொட்டலம் ஏதாவது கொடுத்தீர்களா? அதில் சளி, அலர்ஜிக்குப் போடும் குளோர்பெனிரமின் என்ற மருந்து இருந்தால் அதுவே வயதானவர்களைக் குழப்பிவிடும். தள்ளிப் போடாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள், சாப்பிடும் மருந்தெல்லாம் கையில் இருக்கட்டும்.

தூக்க மாத்திரை வேண்டாம். ராத்திரி எழுந்து தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அப்புறம் யார் தூக்குவது? மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்றவை டிமென்ஷியா உள்ளவர்களுக்குப் பக்கவாதம், மரணம் இரண்டின் ஆபத்தையும் கூட்டும், வேறு வழியே இல்லாதபோது குறைந்த அளவில், கொஞ்ச நாளைக்கு, டாக்டர் பார்வையில் மட்டும்தான்.

பணத்துக்கு வருவோம். வைத்த இடம் அவருக்கு நினைவில்லை, பணம் இல்லை என்பது மட்டும் தெரிகிறது, அந்த இடைவெளியை மூளை "யாரோ எடுத்துட்டாங்க" என்று நிரப்பிக்கொள்கிறது, பக்கத்தில் எப்போதும் இருப்பவர் நீங்கள் என்பதால் பழி உங்கள் மேல். அதிலும் நம்ம ஊர்ப் பெரியவர்கள் 1964-இல் 50, 100 கியாட் நோட்டு செல்லாமல் போனதையும், 1987-இல் 25, 35, 75 நோட்டு செல்லாமல் போனதையும் பார்த்தவர்கள், பணத்தைப் பதுக்காமல் வேறென்ன செய்வார்கள்? "நான் எடுக்கலை" என்று சத்தியம் செய்யாதீர்கள். "அடடா, வாங்க தேடலாம்" என்று கூடவே தேடுங்கள், அரிசிப் பானையையும் தலையணை உறையையும் முதலில் பாருங்கள். ஒரு சுருக்குப் பையில் கொஞ்சம் சில்லறை நோட்டு போட்டு இடுப்பில் செருகிவிட்டால் பல நாள் சண்டையே வராது.

கப்பல் விஷயமும் இப்படித்தான். அறுபதுகளில் இங்கே கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு கப்பல் கப்பலாக நம்மவர்கள் மெட்ராசுக்குப் போனார்களே, அவர் அந்தத் துறைமுகத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறார். (எங்கள் வீட்டிலும் பாதிப்பேர் அப்படிப் போனவர்கள்தான்.) அதெல்லாம் எப்பவோ போயாச்சு என்று திருத்தினால் பதற்றம்தான் ஏறும். "யார் யார் போறாங்க?" என்று கேளுங்கள், பேச விடுங்கள், ஒரு டீ கொடுங்கள், கையைப் பிடித்துத் தெருவில் ஒரு சுற்று போய்த் திரும்புங்கள். வெளிச்சம் குறையும்போதுதான் இது கிளம்பும், அதனால் கரண்ட் போகும்வரை காத்திருக்காமல் நாலரைக்கே சார்ஜ் விளக்கை ஏற்றிவிடுங்கள்.

குளியலில் ஒரே ஒரு கேள்வி, தலையில்தான் முதல் கப் தண்ணீரை ஊற்றுகிறீர்களா? அவர் இடத்தில் நின்று பாருங்கள், பின்னாலிருந்து யாரோ பச்சைத் தண்ணீரைக் கொட்டுகிறார்கள், இடுப்பில் கட்டிய லோஞ்சியையும் (பர்மாக் கைலி) இழுக்கிறார்கள், கை ஓங்கத்தானே செய்யும். லோஞ்சியை நெஞ்சுக்கு மேல் கட்டியபடியே ஸ்டூலில் உட்கார வைத்து, வெதுவெதுப்பான நீரை அவர் கையில் காட்டி, பாதத்திலிருந்து ஆரம்பியுங்கள். பக்கத்தில் தனாக்காவை (முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து) கல்லில் அரைத்து வைத்திருங்கள், முடிந்ததும் பூசிவிடலாம் என்று சொன்னாலே சிலர் வந்துவிடுவார்கள். அன்றைக்கு முடியாது என்றால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், ஒருநாள் குளிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது.

உங்கள் கணவர் என்ன செய்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. வாரத்தில் இரண்டு சாயங்காலம் அந்தத் தெருச் சுற்று அவருடைய வேலையாக இருக்கட்டும், அவருடைய அம்மாதானே. அந்த நேரத்தில் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.