பியோனி மணம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: பரிசாக வந்த வாசனைத் திரவியத்தின் அட்டையில் ‘பியோனி’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்தப் பூவிலிருந்து எடுத்த எண்ணெய்தானா அது?
(வாசகி, திருச்சி)

பதில்: பெரும்பாலும் இல்லை. சீனாவின் லோயாங் நகரில் ஆண்டுதோறும் ஏப்ரலில் விழா எடுத்துக் கொண்டாடப்படும் பியோனி, மல்லிகையைப் போலக் கரைப்பானில் இட்டு வணிக அளவில் சாறு எடுக்கத் தோதான மலர் அன்று என்பதால், வாசனை வல்லுநர்கள் அதன் மணத்தைப் பல பொருள்களைச் சேர்த்துத் தாங்களே உருவாக்குகிறார்கள். செடியிலேயே இருக்கும் பூவைக் கண்ணாடிக் கூண்டால் மூடி, அது வெளிவிடும் ஆவியை உறிஞ்சிப் பிடித்து, கேஸ் குரோமட்டோகிராபி கருவியில் பகுத்துப் பார்த்தால் அதிலுள்ள சேர்மங்கள் தெரியவரும். ரோஜாவிலும் உள்ள பினைல் எத்தில் ஆல்கஹாலும் ஜெரானியாலும் இந்தக் கலவைக்கு அடித்தளம். ரோஸ் ஆக்சைடு என்ற மணச் சேர்மத்தைத் துளியளவு சேர்த்தால் லிச்சிப் பழத்தின் சாயல் எழும். மணம் நீடித்து நிற்பதற்கு ஜிவாடான் என்ற வாசனைப்பொருள் நிறுவனத்தின் பியோனைல் என்ற செயற்கை மூலக்கூறு கைகொடுக்கிறது.

செயற்கை என்பதற்காக இதைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. ரோஜாவின் தேன்கனத்தைக் குறைத்து, ஈரமான இதழின் பசுமையை மட்டும் எழுப்புவது மிக நுட்பமான கலை. நல்ல கலவையை முகர்ந்தவருக்கு அது புரியும்.

ஒரு எச்சரிக்கை: ‘தூய பியோனி மலர் எண்ணெய்’ என்று யாரேனும் விற்றால் நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். பியோனி விதை எண்ணெய் உண்மையில் உண்டு. சீனாவில் அதை உணவிலும் சேர்க்கிறார்கள். ஆனால் அதில் இந்த மலர்மணம் இருக்காது.