ஐந்து லட்சம் பேர் இருந்த ஊர்

வணக்கம் ஐயா,

உலக மக்கள்தொகை 800 கோடியைத் தாண்டிவிட்டது. தண்ணீர், நிலம் எதுவும் இனிப் போதாது என்கிறார்கள். ஜனப் பெருக்கத்துக்கு உணவு ஈடுகொடுக்காது என்று மால்தஸ் சொன்னது நடந்துவிடுமா? படிக்காத ஏழைகள் கணக்கில்லாமல் பெற்றுக்கொள்கிறார்கள். நானும் மனைவியும் குழந்தையே வேண்டாம் என்று யோசிக்கிறோம். உங்கள் கருத்து?

க., பெருங்குடி

அன்புள்ள க.,

குழந்தை விஷயம் உங்கள் இருவரின் முடிவு. பிறக்காத பிள்ளைக்குத் தண்ணீர் கிடைக்குமா என்று தவிக்கிற மனசு நல்ல மனசு. அதே மனசுக்கு ‘படிக்காத ஏழைகள்’ என்று எழுத எப்படி வந்தது? தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. அதில் ஏழைப் பெண்களும் சேர்த்திதான். உலகத் தொகையும் 2080களில் சுமார் 1030 கோடியைத் தொட்டு இறங்கும் என்பது ஐ.நா.வின் 2024 கணிப்பு. மால்தஸ் 1798இல் எழுதியவர். அவரை விடுங்கள்.

சென்னையின் 2019 கோடையை நான் இன்னும் மறக்கவில்லை. ஊருக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவில் வீட்டு வேலை செய்யும் அக்கா ஒருவர், வேலை முடிந்து வந்து, நள்ளிரவில் லாரிக்காகக் குடங்களோடு நிற்பார். அதே தெருவின் அடுக்குமாடியில் நிலத்தடித் தொட்டி (சம்ப்) நிரம்பி வழிந்தது, கார் கழுவினார்கள். இவர்களில் யாருடைய எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்கிறீர்கள்?

அதற்கு மூன்றரை வருடம் முன்புதான், 2015 டிசம்பரில், இதே ஊர் மூழ்கியது. அதற்குள் ஜனம் இரண்டு மடங்காகிவிட்டதா என்ன? வருடத்துக்கு ஏறக்குறைய 140 செ.மீ. மழை பெய்கிற ஊர் இது. பெய்வது தங்க இடம்தான் இல்லை. இன்றைய தி.நகர் மாம்பலம் ஏரி இருந்த இடம். 1920களில் ஏரியை வடித்து மனை போட்டார்கள். அப்போது சென்னையில் இருந்தவர்கள் 5 லட்சத்துச் சொச்சம் பேர். கூட்டம் தாங்காமல் ஏரியைத் தின்றோம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. ஐந்து லட்சம் பேர் இருந்தபோதே தின்ன ஆரம்பித்துவிட்டோம்! உங்கள் பெருங்குடியையே பாருங்கள். பக்கத்துப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சமிருந்ததிலும் ஊர்க் குப்பையைக் கொட்டினோம். அங்கே எழும்பிய ஐ.டி. கட்டடங்களில் எதையும் ஏழைகள் கட்டிக்கொள்ளவில்லை.

சரி, ஒரு காரியம் செய்யுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் இங்கே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். உங்கள் குடியிருப்பில் மொட்டை மாடிக் குழாய் உறைகிணற்றுக்குப் போகிறதா, சாக்கடைக்குப் போகிறதா என்று அசோசியேஷன் செயலாளரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.