10,000 ரூபாவில் முதல் சவரக்கத்தி: காசை எதில் போடுவது?

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தாத்தா மாதிரி மடக்குச் சவரக்கத்தியில் தாடி வழிக்கப் பழக வேண்டுமாம், கையில் 10,000 ரூபா இருக்கிறதாம். ஒன்லைனில் கத்தி, தோல் வார் (கூரைச் சீராக்கக் கத்தியை இழுக்கிற பட்டை), பிரஷ், கிண்ணம் எல்லாம் சேர்த்து ஒரு செட் 3,500 ரூபாவுக்குப் போகிறது, அதை எடுக்கலாமா, இல்லை மொத்தக் காசையும் போட்டுப் புதுக்கத்தி ஒன்றே வாங்கிவிடலாமா என்பது கேள்வி.

இரண்டும் வேண்டாம் தம்பி. சவரக்கத்தியில் நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியது இரும்பை இல்லை, அதன் வாயில், அதாவது வெட்டுகிற ஓரத்தில், இருக்கிற கூர்மையை. கடையிலிருந்து வருகிற புதுக்கத்திகளில் பெரும்பாலானவை, நல்ல விலைக் கத்திகள் சிலதும்கூட, முகத்தில் வைக்கிற அளவுக்குத் தீட்டப்பட்டிருக்காது. மொத்தக் காசையும் கத்திக்கே கொடுத்துவிட்டால் தீட்ட என்ன செய்வீர்கள்?

அந்த செட்டைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவமே இருக்கிறது. இருபது வயதில் தீபாவளிக்கு முதல் மாதம் அதே மாதிரி ஒன்றை ஒரு கடையில் வாங்கினேன், கண்ணாடி மாதிரி மின்னுகிற ஸ்டெயின்லஸ் கத்தி. ஒவ்வொரு நாளும் வாரில் இழுத்து இழுத்துப் பார்த்தும் மயிரை வெட்டாமல் பிடுங்கியது, கன்னம் முழுக்க எரிச்சல். என் கைதான் சரியில்லை என்று விட்டுவிட இருந்தேன். அட்டனில் பழைய சலூன் வைத்திருந்த ஒரு பெரியவர்தான் அதை வாங்கி, ஜன்னல் கண்ணாடியில் படுக்கப் போட்டுக் காட்டினார். நுனியும் அடியும் மட்டும் கண்ணாடியைத் தொட்டன, நடுவில் வெளிச்சம் தெரிந்தது. கத்தியே வளைந்திருக்கிறது, இதை யார் தீட்டினாலும் கூர் ஏறாது என்றார். அப்புறம் அவருடைய பழைய கத்தியைக் கையில் தந்து கன்னத்தில் ஓர் இழுப்பு இழுக்கச் சொன்னார். 'சரக்' என்று மெல்லிய சத்தம், தோலில் ஒன்றும் பட்ட மாதிரியே இல்லை. நல்ல கூர் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதனால் நான் சொல்வது, பழைய கத்தி ஒன்று தேடுங்கள். சலூன்கள் எல்லாம் பிளேட் மாட்டுகிற கத்திக்கு மாறிவிட்டதால் (ஆளுக்கு ஆள் இரத்தம் வழியாக நோய் பரவும் என்பதால் அதுதான் சரியும்கூட) பழைய சவரக்கத்திகள் எத்தனையோ லாச்சிகளில் சும்மா கிடக்கின்றன. உங்கள் டவுனிலேயே வயதான சலூன்காரர்களிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். கண்டி, கொழும்புப் பக்கம் போனால் பழைய சாமான் கடைகளிலும் பார்க்கலாம். ஜேர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் என்று பொறித்திருந்தால் நின்று பார்க்க வேண்டிய கத்தி. சோலிங்கன் பெயரை அந்தப் பகுதியில் செய்யாத கத்தியில் போடக்கூடாது என்று 1938இலிருந்து ஜேர்மனியில் சட்டமே இருக்கிறது. போலிகளும் உண்டு, ஆகவே பெயரை மட்டும் நம்பாமல் கத்தியைப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? முதலில் கண்ணாடியில் படுக்கப் போடுங்கள். முதுகும் வாயும் முழு நீளத்துக்கும் தொட வேண்டும். சவரக்கத்தியைத் தீட்டும்போது முதுகும் கல்லிலேயே கிடக்கும், தீட்டுகிற கோணத்தைத் தருவதே அந்த முதுகுதான், அது தேய்ந்து அகலமாகத் தட்டையாகிப் போயிருந்தால் விட்டுவிடுங்கள். வாய் நேராகவோ கொஞ்சம் வெளிப்பக்கம் வளைந்தோ இருக்கலாம், உள்பக்கம் குழிந்திருக்கக் கூடாது. நகத்தால் மெல்லச் சுண்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். சத்தம் செத்துப் போயிருந்தால் எங்கேயோ வெடிப்பு இருக்கலாம். துரு எங்கே என்பதுதான் முக்கியம். வால் பக்கம், முதுகுப் பக்கம் இருந்தால் பயமில்லை, வாயோரத்தில் கறுப்புப் புள்ளிகள் குழி விழுந்திருந்தால் தீட்டத் தீட்ட அந்த இடம் பொடிந்து கொண்டே வரும். பிடி பழைய செலுலொயிட்டாக (அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்) இருந்து நொறுங்கத் தொடங்கியிருந்தால் அதிலிருந்து வருகிற ஆவியே இரும்பைத் தின்னும், அதுவும் வேண்டாம்.

அளவு 5/8 அங்குலம், அதாவது 16 மில்லிமீற்றர் அளவு அகலம், போதும். பெரியதென்றால் 6/8. கத்தியின் மூக்கு, அதாவது நுனி, உருண்டையாக இருக்கட்டும், சதுர மூக்கு பழகாத கையில் காதோரத்தைக் கிழித்துவிடும். இரண்டு பக்கமும் குழிவாகச் செதுக்கிய கத்திதான் தீட்டச் சுலபம். ஆப்பு மாதிரித் தடித்த பழைய கத்திகளை இப்போதைக்கு விடுங்கள்.

இப்போது பலர் கெடுத்துக்கொள்கிற இடம். நம் ஆட்களுக்குக் கவ்வாத்துக் கத்தி தீட்டத் தெரியும், அதே கல்லில் இதையும் இரண்டு இழுப்பு இழுத்தால் சரி என்று நினைப்பார்கள். கவ்வாத்துக் கத்திக்கு வாயில் கொஞ்சம் சொரசொரப்பு இருந்தாலும் தேயிலைக் கிளையை வெட்டிவிடும். முகத்தில் அந்தச் சொரசொரப்பு தோலைச் சீவும். சவரக்கத்திக்கு 1,000 எண் கல்லில் தொடங்கி 8,000, 12,000 வரை போக வேண்டும் (எண் கூடக் கூடக் கல் நைசானது). தெருவில் சக்கரம் சுற்றிச் சாணை பிடிக்கிறவரிடம் மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அந்தச் சூட்டில் மெல்லிய வாய் நீலம் பாய்ந்து பதம் போய்விடும், போன பதத்தைத் தீட்டித் திரும்பக் கொண்டுவர முடியாது. கல் எல்லாம் வாங்க உங்கள் காசு போதாது. ஆகவே கத்திக்குப் பாதிக்கு மேல் போடாமல், கால்வாசியைச் சவரக்கத்தி தீட்டத் தெரிந்த ஒருவருக்கு முதல் தடவைக்கென்று ஒதுக்குங்கள். கை மயிரைத் தொட்டதும் வெட்டினால்தான் வாங்கி வாருங்கள்.

மீதி வாருக்கு. முதல் வாரை எப்படியும் வெட்டிவிடுவீர்கள், விலை கூடியது வேண்டாம். இரண்டு அங்குல அகலத்தில் தையல் இல்லாத அசல் தோல் பெல்ட் போதும். ஜன்னல் கொக்கியில் மாட்டி இறுக்கிப் பிடித்து, முதுகு முன்னால் போக, வாய் பின்னால் வர, ஒவ்வொரு சவரத்துக்கும் முன் ஐம்பது தடவை. திருப்பும்போது முதுகு தோலை விட்டு எழும்பக் கூடாது, அதில்தான் எல்லாம். தட்டையான பலகையில் பத்திரிகைத் தாளைச் சுற்றித் தீட்டுவதும் நன்றாகவே வேலை செய்யும், செலவே இல்லை. கூர் குறையும்போது இன்னொரு தோல் துண்டில் பச்சை நிறக் குரோமியம் ஒக்சைட் பசை பூசிப் பத்து இழுப்பு இழுத்தால் கல்லுக்குப் போவதை மாதக்கணக்கில் தள்ளிப்போடலாம்.

பிளேட் மாட்டுகிற கத்தியில் பழகிவிட்டு வரலாமா என்று கேட்பீர்கள். கோணம் பழக அது போதும், ஆனால் அது பாரம் குறைந்தது, பிளேட்டின் வாய் முரட்டுத்தனமாக வெட்டும், அதில் இரண்டு காயம் பட்டு ஆசையே விட்டுப்போனவர்களை எனக்குத் தெரியும்.

நம் மலையில் பெரிய எதிரி மூடுபனி. சவரம் முடிந்ததும் துணியால் துடைத்து, பிடிக்கு நடுவிலும் ஈரம் எடுத்து, கொஞ்ச நேரம் திறந்து காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி பூசுங்கள். தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்துவிடுகிறது, கத்தியில் சீராகப் பரவாது. தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

இன்னொன்று. தாத்தா மாதிரி என்றீர்களே, தாத்தாவின் கத்தி எங்கே? வீட்டு ட்ரங்குப் பெட்டியை முதலில் கிண்டிப் பாருங்கள். கிடைத்தால் சோப்புப் போட்டுக் கழுவி, சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, மேலே சொன்ன மாதிரி கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். துருவைக் கண்டதும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். வாயோரத்தையும் முதுகையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.