சயாமீஸ் பூனையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

வீட்டு மாடியில் பூனைகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிறேன். நான் டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக் கேளுங்கள்.

கே: போன முறை போர்டிங்கில் விட்டபோது ராத்திரி முழுக்கக் கத்தியதாம். பயமா, நோயா?

பெரும்பாலும் பேச்சுதான். சயாமீஸின் குரலே அப்படி. மாடியில் கைக்குழந்தை இருக்கிறதா என்று பக்கத்து வீட்டில் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். மற்ற பூனை இடத்தைத் தேடும். இது ஆளைத் தேடும். கூண்டில் போட்டு மூடினால் இன்னும் கத்தும். சாயங்காலம் அரை மணி நேரம் யாராவது கூட உட்கார்ந்து, கயிறு ஆட்டி விளையாடி, அப்புறம் இரவுச் சாப்பாடு வைக்க வேண்டும். பெரும்பாலும் மூன்றாம் நாள் அடங்கிவிடும். கருத்தடை செய்யாத பெண் குட்டி தரையில் உருண்டு புரண்டு கத்தினால் அது பருவம்; இந்த இனத்தில் அது ஐந்தாம் மாதத்திலேயே வரலாம்.

நீங்கள் உடுத்திய பருத்திச் சட்டை ஒன்றைக் கூடவே அனுப்புங்கள், துவைக்காமல். சிலர் மரியாதைக்காகத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுக்கிறார்கள். பூனைக்கு அதில் சோப்பு வாசம்தான் கிடைக்கும். கம்பளி வேண்டாம். அதைச் சப்பித் தின்கிற பழக்கம் சயாமீஸில் நிறைய. இழை குடலை அடைத்துவிடும்.

கே: புது இடத்தில் சாப்பிடாவிட்டால் பசி வந்ததும் தானே சாப்பிடாதா?

நாய்க்குச் சொல்கிற கணக்கு இது. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேரும். குண்டுப் பூனைக்கு ஆபத்து அதிகம். 24 மணி நேரம் எதுவும் தொடவில்லை என்றால் டாக்டருக்கு போன் போடச் சொல்லுங்கள். வீட்டில் தின்னும் அதே உணவைக் கொடுத்து அனுப்புங்கள். வெங்காயம் போட்ட மீன் குழம்பு வேண்டவே வேண்டாம்.

கே: தடுப்பூசி?

கட்டாயம். கிளம்புகிற அன்று காலையில் அவசரமாகப் போட்டுக்கொண்டு வராதீர்கள்; இரண்டு மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

கே: 20 நாள் ஏசி அறையில் இருந்தது. திரும்பி வந்தபோது முகமும் வாலும் கறுத்திருந்தன. பூனையை மாற்றிவிட்டார்களோ?

இந்தச் சந்தேகம் எனக்குப் பிடிக்கும். சயாமீஸின் நிறம் உடம்புச் சூட்டைப் பொறுத்தது. கருமையை உண்டாக்கும் நொதி சூடான இடத்தில் வேலை செய்யாது, குளிர்ந்த இடத்தில் செய்யும். அதனால்தான் காது, மூக்கு, பாதம், வால் கறுத்து, வயிறு வெளுத்திருக்கிறது. தாயின் வயிற்றுச் சூட்டில் இருந்து வரும் குட்டி வெள்ளையாகவே பிறக்கும். ஆனால் முளைத்துவிட்ட முடி நிறம் மாறாது, புதிதாக முளைப்பதுதான் கறுக்கும். 20 நாள் போதாது. வளர்ந்துகொண்டிருக்கும் பூனை என்றால் வயதுக்கே கறுக்கும். நீங்கள் தினமும் பார்த்ததால் கவனிக்காமல் இருந்திருப்பீர்கள். பழைய போட்டோவை எடுத்துப் பாருங்கள்.

கே: ஏசி, நொதி எல்லாம் கதை. எங்கள் பூனை வெயிலிலேயே கிடக்கிறது, அதுவும் கறுத்துவிட்டது.

வயதைச் சொன்னேனே, படித்தீர்களா? கருத்தடைக்காக வயிற்றில் சிரைத்த பூனை ஒன்று என்னிடம் வந்தது. சிரைத்த இடம் மட்டும் கறுப்பாக முளைத்தது, மூட முடி இல்லாமல் தோல் குளிர்ந்ததால். அடுத்த முறை முடி உதிர்ந்து முளைத்தபோது பழையபடி ஆகிவிட்டது. இதற்கு வெயிலைச் சொல்லி விளக்குங்கள், பார்ப்போம்.

கே: அப்படியென்றால் சூடாக வைத்து வெள்ளையாக்கலாமா?

வேண்டாம். அதற்கு வேறு பூனை வாங்குங்கள்.

கே: எங்கள் சயாமீஸுக்கு முடி நீளம், மூக்கு சப்பை. தினமும் சீவ வேண்டுமா?

அது ஹிமாலயன், பாரசீகக் கலப்பு. விற்றவர் சயாமீஸ் என்றாரா? சீவுங்கள்.

கே: ராத்திரி கத்துகிறது, என்ன செய்ய?

முதல் பதில். சட்டை. துவைக்காமல்.

கே: காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கச் சொல்லலாமா?

கொன்றுவிடும். கால் மாத்திரையும்தான். ஆண் பூனை மண் தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள். இந்த இரண்டையும் போர்டிங்காரரிடம் எழுதிக் கொடுங்கள். மருந்து அளவு எல்லாம் டாக்டரிடம்.

கே: கம்பளிப் போர்வை அனுப்பலாமா?

மேலே பாருங்கள்.

கே: தினமும் வீடியோ காலில் பேசலாமா?

என்னிடம் இருந்த ஒன்றுக்கு அதன் அம்மா பேசினார். போனுக்குப் பின்னால் போய்த் தேடியது, அப்புறம் கதவடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போட்டோ அனுப்பச் சொல்லி நீங்கள் மட்டும் பாருங்கள்.