சொந்தமாக நிரல்மொழி வடிவமைக்கிறேன். 1 முதல் 5 வரை என்பது போன்ற வீச்சில் கடைசி எண்ணைச் சேர்க்கலாமா, விடலாமா? பட்டியலில் ஒரு துண்டு எடுக்க என்ன குறி வைக்கலாம்?

கடைசி எண்ணை விட்டுவிடுங்கள். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் நீளம் வந்துவிடும், அடுத்தடுத்த துண்டுகள் பிசிறில்லாமல் ஒட்டும். கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982-லேயே இதை எழுதிவிட்டார். கடைசி எண்ணும் வேண்டுமென்பவர்களுக்குத் தனிக் குறி கொடுங்கள், பார்த்ததும் தெரிகிற மாதிரி. ரூபி மொழியில் இரண்டு புள்ளி போட்டால் கடைசி எண் சேரும், மூன்று போட்டால் சேராது. ரஸ்டில் அதே இரண்டு புள்ளி கடைசியை விட்டுவிடும். என் ஓட்டு, கடைசி எண் சேராது என்று பார்த்ததும் சொல்லிவிடுகிற ஸ்விஃப்டின் ..< குறிக்குத்தான்.

ஆனால் என் வயிற்றெரிச்சல் நீங்கள் கேட்காத இடத்தில் இருக்கிறது. எழுத்துச் சரத்தையும் (பெயர், வாக்கியம் போன்ற உரையை) அதே குறியால் வெட்ட விடப்போகிறீர்களா?

நான் மொரீஷியஸில், ரோஸ் ஹில் பக்கம் இருக்கிறேன். தைப்பூசக் காவடிக்குப் பெயர் கொடுத்தால் எங்கள் கோயிலில் ரசீது தருவார்கள். காசு கொடுத்து வெளியில் வாங்கிய நிரல், பைதானில் எழுதியது. தாளில் இடம் போதாதென்று பெயரை [:10] என்று, அதாவது முதல் பத்தோடு நிறுத்தி, வெட்டியிருந்தார்கள். கோவிந்தசாமி 'கோவிந்தசாம' ஆகிவிட்டார். அப்பா வைத்த பெயரை வெட்ட இவர்கள் யார் என்று பெரியவர் கிரியோலில் சத்தம் போட்டார். நியாயம்தானே?

நாம் எண்ணினால் அந்தப் பெயரில் 6 எழுத்து. கொம்பு, புள்ளி போன்ற குறிகளையும் தனியாக எண்ணும் பைதானுக்கு 11. கணினி எழுத்தைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் 33 பைட். பைட்டை எண்ணி வெட்டும் கோ மொழியில் [:10] போட்டால் 'கோவ' என்று வந்து, பின்னால் உடைந்த பைட் ஒன்று தொங்கும். ரஸ்ட் அந்த இடத்தில் நிரலையே நிறுத்திவிடும், அது எவ்வளவோ மேல். ஸ்விஃப்ட் 6 என்றே எண்ணும், வெறும் எண்ணைக் கொடுத்துச் சரத்தை வெட்டவும் விடாது.

"ஆங்கில எழுத்தில் அச்சடித்தால் போச்சு" என்று யாராவது வருவீர்கள். எங்கள் ரூபாய் நோட்டிலேயே தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கின்றன. 1998-இல் புது நோட்டில் தமிழை ஒரு படி கீழே தள்ளியபோது இங்குள்ள தமிழர்கள் கிளம்பிய கிளம்பலில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். அப்படிப்பட்ட நாட்டில் கோயில் ரசீதில் தமிழ் அரைகுறையாக வரலாமா?

அதனால் பட்டியலுக்கு ..< வையுங்கள். சரத்துக்கு, எழுத்து எழுத்தாக எண்ணித் தருகிற தனிச் செயற்கூறு. தொடக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு போகவேண்டும், வேகம் குறையும், மறுக்கவில்லை. பைட்டாகத்தான் வெட்டுவேன் என்பவர்கள் முதலில் பைட் வரிசையாக மாற்றிக்கொண்டு வெட்டட்டும்.