பேழைக்கு வெளியில – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க டெக்சாஸ்ல, டல்லாஸ் பக்கத்துல இருக்கோம். சொந்த ஊர் தஞ்சாவூர், டி.இ.எல்.சி. (தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) குடும்பம். இங்க வீட்டுக்கிட்ட இருக்கற பாப்டிஸ்ட் சர்ச்சுக்குப் போறோம். பையனுக்கு ஒன்பது வயசு, பொண்ணுக்கு ஆறு. போன வருஷம் ஸ்கூல நிறுத்திட்டு ஹோம்ஸ்கூலிங் ஆரம்பிச்சோம். கணக்கு, சயின்ஸ்லாம் ஓடுது, பைபிளுக்குத்தான் எந்த கரிக்குலம் எடுக்கறதுன்னு தெரியல. மூணு பாத்து வச்சிருக்கேன். ஒண்ணுல ஒர்க்‌ஷீட், வாராவாரம் டெஸ்ட், மார்க் எல்லாம் உண்டு. இன்னொண்ணு ஆதியாகமத்துலேருந்து வரிசையா நாலு வருஷத்துல முடிக்கற மாதிரி. மூணாவது மனப்பாட வசனம் மட்டும். விலையும் ஜாஸ்தி. தமிழ்ல சொல்லிக்கொடுக்கறதா இங்கிலீஷ்லயாங்கற குழப்பம் வேற. போன மாசம் நோவா பாடம், அதான் ஜலப்பிரளயத்துல பேழைக்குள்ள இருந்தவங்க மட்டும் பிழைச்ச கதை, எடுக்கும்போது பையன், "பேழைக்கு வெளியில இருந்த குட்டிப் பாப்பால்லாம் என்னம்மா தப்பு பண்ணுச்சு"ன்னு கேட்டான். அதெல்லாம் இந்தப் பாடத்துல இல்லடான்னு சொல்லி புக்க மூடிட்டேன். இந்த மாதிரி கஷ்டமான இடங்கள் இல்லாம, விசுவாசத்துல வளர்ற மாதிரி நல்ல கரிக்குலமா ஒண்ணு சொல்லுங்க அக்கா.

எஸ்., டெக்சாஸ்

அன்புள்ள தங்கச்சி,

பிள்ளைங்களுக்கு வேதத்த யார் சொல்லிக்கொடுக்கறது, எப்படிங்கறத பத்தி கொஞ்ச நாளாவே மனசுக்குள்ள ஓடிட்டு இருந்துச்சு, அந்த நேரத்துல உங்க கடிதம் வந்துச்சு. வேலையெல்லாம் விட்டுட்டு ரெண்டு பிள்ளைங்களோட நாள் முழுக்க உக்காந்து படிக்கற அம்மாவ நினைச்சா சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கடைசி நாலு வரிய படிச்சதும் கோவம் வந்துச்சு, அதையும் சொல்லிடறேன்.

சின்ன விஷயங்கள முதல்ல முடிச்சிடலாம். டெஸ்ட், மார்க் எதுவும் வேண்டாம். உங்க மாநிலத்துல 1994லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு, வீட்டுப் பள்ளியும் பிரைவேட் ஸ்கூல் மாதிரிதான்னு. வாசிப்பு, ஸ்பெல்லிங், கிராமர், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு, இந்த அஞ்சு போதும், பைபிள் அந்த லிஸ்ட்லயே இல்ல. யாரும் வந்து ரெக்கார்ட் கேக்கப் போறதில்ல, அப்புறம் யாருக்காக மார்க் போடறீங்க? தமிழா இங்கிலீஷான்னா ரெண்டுலயும் வாசிங்க, இதுல யோசிக்க ஒண்ணுமில்ல. விலை உங்க கைய பொறுத்தது. மனப்பாட வசனம் நல்லது, அதுக்கு காசு கொடுத்து கரிக்குலம் வாங்கணும்னு இல்ல, ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு பேப்பர் ஒட்டினா போதும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். உங்க பையன் கேட்டானே, அது யார் கேட்ட கேள்வின்னு தெரியுமா? ஆபிரகாம் கேட்டது. ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்த எடுத்துப் பாருங்க. சோதோம் பட்டணத்த அழிக்கப் போறேன்னு கர்த்தர் சொன்னதும் அந்த மனுஷன் கிட்ட வந்து நின்னு, துன்மார்க்கனோட நீதிமானையும் சேத்து அழிப்பீரோன்னு நேருக்கு நேரா கேக்கறார். அம்பது பேர் இருந்தா? நாப்பத்தஞ்சு? நாப்பது, முப்பது, இருபது, பத்துன்னு இறங்கி இறங்கி கேக்கறார், ஆறு தடவையும் கர்த்தர் பதில் சொல்றார், ஒரு தடவை கூட அதட்டல. விசுவாசத்துக்கே தகப்பன்னு நாம சொல்ற ஆள் நின்ன இடத்துல உங்க ஒன்பது வயசுப் பையன் தானா போய் நின்னுருக்கான், நீங்க புக்க மூடிட்டீங்க. அதோட நிக்காம, அந்த இடத்துக்கே அவன் போக முடியாத மாதிரி ஒரு புக்க தேடறீங்க. விசுவாசத்துல வளரணும்னு நீங்களே எழுதியிருக்கீங்களேம்மா, வேற எப்படித்தான் வளருவான்?

இந்த ஒர்க்‌ஷீட் சமாச்சாரத்துல எனக்கு ரொம்ப நாளா இருக்கற வருத்தம் இதுதான். பெரியவங்க கேக்கறாங்க, பிள்ளை கோடிட்ட இடத்த நிரப்புது. பேழையில எத்தன ஜன்னல், யோனாவ எது விழுங்குச்சு, இந்தக் கதையிலேருந்து நாம என்ன கத்துக்கறோம், ஒரு வரியில எழுதுக. வேதத்துக்குள்ள பாத்தா இது அப்படியே தலைகீழா இருக்கு. எகிப்துலேருந்து விடுதலையானத நினைக்கற பஸ்கா பண்டிகைய பத்தி யாத்திராகமம் 12ல சொல்லும்போது, இது என்ன ஆராதனைன்னு உங்க பிள்ளைங்க கேட்டா இப்படிச் சொல்லுங்கன்னு வருது. யோர்தான் ஆத்த தாண்டின இஸ்ரவேலர் அதுலேருந்து பன்னெண்டு கல்ல எடுத்து நட்டு வச்சதே, நாளைக்குப் பிள்ளைங்க பாத்துட்டு இந்தக் கல்லு என்னத்துக்குன்னு கேக்கணும்னுதான். உபாகமம் 6லயும் அதே. மகன் கேப்பான், அப்பன் என்ன பதில் சொல்லணும்? நாங்க எகிப்துல பார்வோனுக்கு அடிமையா இருந்தோம்னு கதைய ஆரம்பிக்கணும். இன்னைக்கும் யூதங்க வீட்ல பஸ்கா ராத்திரியில இருக்கறதுலயே சின்னப் பிள்ளைதான் கேள்வி கேக்குது, பெரியவங்கதான் பதில் சொல்லணும். கேள்வி பிள்ளையோடது, கதை நம்மளோடது. ஒர்க்‌ஷீட்ல கேள்விய நாம பிடுங்கிட்டு, பதில் சொல்ற பாரத்த அதுங்க தலையில வச்சிடறோம்.

யோனாவையே எடுத்துக்குங்க. நாலே அதிகாரம். சண்டே ஸ்கூல்ல நம்மள்ல பாதிப் பேருக்கு மீன் வாந்தி பண்ணினதோட கதை முடிஞ்சிடும், கீழ்ப்படியணும்னு பாடம். நாலாவது அதிகாரத்துல அந்த மனுஷன் ஆமணக்குச் செடி வாடிப்போச்சுன்னு செத்துப்போறேங்கற அளவுக்கு கோவமா உக்காந்திருக்கார். கர்த்தர் அழிக்காம விட்ட நினிவே பட்டணத்துல வலதுகை இடதுகை வித்தியாசம் தெரியாத லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல ஜனம் இருக்கு, அத்தன மிருகம் இருக்கு, நான் பரிதபிக்கக் கூடாதான்னு கர்த்தர் கேக்கறார். அதோட புஸ்தகமே முடிஞ்சிடுது. யோனா என்ன சொன்னார்னு கிடையாது. கர்த்தரே கேள்வியோட விட்ட இடத்துல நாம ஏன் அவசர அவசரமா ஒரு பாடத்த ஒட்டறோம்?

எங்க ஊர் சாயர்புரம் பக்கம். ராத்திரி குடும்ப ஜெபத்துல ஆச்சி ஒரு அதிகாரம், மறுநாள் அடுத்த அதிகாரம்னு வரிசையா வாசிப்பாங்க, பிள்ளைங்களுக்கு ஆகாதுன்னு எதையும் தாண்ட மாட்டாங்க. ஒருநாள் 2 சாமுவேல் 21 வந்துச்சு. சவுலோட வீட்டுப் பிள்ளைங்க ஏழு பேர மலையில தூக்குல போட்டுடறாங்க, அதுல ரெண்டு பேர் சவுலோட மறுமனையாட்டி ரிஸ்பாளோட பையனுங்க. அவ இரட்டுத் துணிய எடுத்துப் பாறை மேல விரிச்சு, வாற்கோதுமை அறுப்பு தொடங்கினதுலேருந்து மழை பெய்யற வரைக்கும், பகல்ல பறவையும் ராத்திரில மிருகமும் உடம்ப தொடாம காவல் இருக்கா. என் தம்பி கேட்டான், "அவ எப்ப ஆச்சி உறங்குவா?" ஆச்சி கண்ணாடிய கழட்டி மடியில வச்சாங்க. "எங்க உறங்கியிருக்கப் போறா"ன்னாங்க. அப்புறம் பைபிள மூடாமலே, அப்பாவுக்கு மூத்ததா ஒரு பையன் இருந்ததையும், காய்ச்சல்ல அவன் போன அந்த ராத்திரியையும் சொன்னாங்க. எங்களுக்கு ஒரு பெரியப்பா இருந்தார்ங்கறதே அன்னைக்குத்தான் தெரியும். தம்பி அந்தக் கேள்விய கேக்கலன்னா அது ஆச்சியோடயே போயிருக்கும். எந்த டீச்சர்ஸ் கைடுல இது வரும் சொல்லுங்க?

இதுக்கெல்லாம் எனக்கு படிப்பு இல்லையேன்னு எழுதிடாதீங்க. லூத்தரன் வீட்டுப் பொண்ணு நீங்க. 1529ல லூத்தர் அந்தச் சின்ன ஞானோபதேசத்த, அதான் விசுவாசத்தோட அடிப்படைய சொல்லித்தர்ற புக்க, எழுதும்போது, குடும்பத்தலைவன் வீட்டாருக்கு எளிமையா சொல்லிக்கொடுக்கறதுக்குன்னுதான் ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு போட்டார். 1706ல தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு அதைத் தமிழ்ல கொண்டுவந்தார். வீட்ல வச்சு வேதம் சொல்லிக்கொடுக்கறது உங்க குடும்பத்துக்கு புதுசா வந்த பழக்கம் இல்ல.

பையன்கிட்ட போய் உக்காந்து, நீ அன்னைக்கு கேட்டது நல்ல கேள்வி, எனக்கும் முழுசா விளங்கலன்னு சொல்லுங்க. ஆதியாகமம் 6, 6 வாசிங்க, ஜலப்பிரளயத்துக்கு முன்னாடி, மனுஷன உண்டாக்கினத நினைச்சு கர்த்தரோட இருதயத்துக்கு விசனமா இருந்துச்சுன்னு வருதே, அதைக் காட்டுங்க. 18ஆம் அதிகாரத்த அவனையே வாசிக்கச் சொல்லுங்க. அதுக்கு மேல அவன் அழுதாலும் கோவப்பட்டாலும் கூட இருங்க. ஆறு வயசுக்காரிக்கு எல்லாத்தையும் விலாவாரியா விளக்கணும்னு நான் சொல்லல. அவ கேக்கற அளவுக்கு சொன்னா போதும், ஆனா கேட்டத மூடாதீங்க.

எதாவது ஒண்ணு வாங்கித்தான் ஆகணும்னா அந்த ரெண்டாவது, வரிசையா போறத வாங்குங்க. கேள்வித்தாளெல்லாம் தனியா எடுத்து வச்சிட்டு மேப்பையும் காலவரிசையையும் மட்டும் வச்சுக்குங்க. பணம் கட்டறதுக்கு முன்னாடி அது எந்தச் சபைக்காரங்க எழுதினதுன்னு பாருங்க, ஞானஸ்நானப் பாடத்த மட்டுமாவது முழுசா படிங்க. பாப்டிஸ்ட்காரங்க எழுதினதா இருந்தா குழந்தை ஞானஸ்நானம் செல்லாதுன்னுதான் இருக்கும். நீங்க, உங்க வீட்டுக்காரர், உங்க அம்மா, மாமியார் எல்லாரும் கைக்குழந்தையா எடுத்தவங்களாத்தான் இருப்பீங்க. அப்ப பாட்டி எடுத்தது கணக்கில்லையாம்மான்னு பையன் கட்டாயம் கேப்பான். நீங்களும் அவரும் அதுக்கு என்ன சொல்றதுன்னு முதல்ல பேசி வச்சுக்குங்க.

அன்புடன்,
அக்கா